நுச்சேயின் நீலம்

பக்தபூரில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் நுச்சே ரத்ன சித்ரகாரின் படங்களுக்குச் சட்டம் போட்டவன் நான் ஒருவன்தான். முப்பத்தோரு வருஷம். அவன் கறுப்பு வெள்ளையில் எடுத்து, தானே கழுவி, மேலே எண்ணெய் வண்ணத்தை மெல்லிசாகக் கையால் ஏற்றிய ஒவ்வொரு படமும் என் பலகையில் ஒரு நாளாவது படுத்துவிட்டுத்தான் வெளியே போயிருக்கிறது. அதனால் அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. வெட்கமும் உண்டு. இரண்டாவதுக்குக் காரணம் போகப் போகத் தெரியும்.

நான் தேஜ நாராயண் சில்பகார். எங்கள் ஆட்கள் மரம் செதுக்குகிறவர்கள். அவன் ஆட்கள் கோயில் முகமூடிக்கும் கல்யாணப் பானைக்கும் வண்ணம் தீட்டுகிறவர்கள். அவன் அப்பா ஒரு முகமூடிக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டு கண் வரைவார். இவனோ இருபது வயதில் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றினான். எடுத்ததெல்லாம் ஆளில்லாத இடங்கள். யாரும் குளிக்காத குளம், யாரும் தண்ணீர் பிடிக்காத கல் குழாய், நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகு கிடக்கும் வெற்று முற்றம், சாத்திய கதவு. அதில் எங்கோ ஒரு மூலையில் பாசிக்குப் பச்சை, ஜன்னலில் தொங்கும் மிளகாய்ச் சரத்துக்குச் சிவப்பு. அவ்வளவுதான் அவன் கலை. காத்மாண்டுக் கேலரிகளில் மாட்டினார்கள். என் மனைவி ஹேராவுக்கு மட்டும் பிடிக்காது.

"ஏன்ணே, இந்த ஊர்ல நாங்க இத்தனை பேர் இருக்கோமே, எங்களை எல்லாம் எங்க ஒளிச்சு வெச்சுட்டு எடுக்கிறீங்க?" என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்பாள்.

"நீ பேசறது படத்துல விழுந்துடும் ஹேரா, அதான்" என்பான்.

கேட்டால் முகங்களும் எடுப்பான். எங்கள் ஊரில் வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே நல்ல படம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். செத்த வருஷம் பசுத் திருவிழாவில், ஆள் உயரத்துக்கு மேல் மூங்கில் கட்டி, புடவையோ வேட்டியோ சுற்றி, குடை பிடித்து, அதன் நெஞ்சில் அந்தப் படத்தைக் கட்டித் தெருத்தெருவாக எடுத்துப்போக வேண்டும். முன்கூட்டியே எடுக்காவிட்டால் குடியுரிமை அட்டையில் இருக்கும் படம்தான் கிடைக்கும். அதில் எல்லோருமே திருடன் மாதிரி இருப்பார்கள்.

அவன் மனைவி பெயர் சந்திர சோபா. பிள்ளைகள் இல்லை. அவன் எவ்வளவு வாய் திறக்காதவனோ அவ்வளவு வாய் அவளுக்கு. அவன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, "அங்க பூசு, இங்க போதும், அதைத் துடை" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். சந்துக்கு எதிர்ப்பக்கம் என் கடையில் எல்லாம் கேட்கும். கடைசி இரண்டு வருஷம் ஒரே பாட்டுதான்.

"நீலம் ஜாஸ்தி. துடை."

"உனக்கு என்னடி தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீலம் ஜாஸ்தி. துடை."

முணுமுணுத்துக்கொண்டு துடைப்பான். புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன என்று நான் உளியைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

சோபா ஒரு தை மாதக் குளிரில் போனாள். சிறுநீரகம். இப்போது பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த வருஷப் பசுத் திருவிழாவுக்கு அவளுடைய படத்தை நுச்சே தயார் செய்தான். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து யாரையோ திட்ட வாயெடுத்த மாதிரி ஒரு படம். கறுப்புப் புடவை, சிவப்புக் கரை. இரண்டு பிரதி போட்டான். ஒன்று அவனுக்கு, ஒன்று சோபாவின் தம்பி ஆஷா காஜிக்கு. சட்டம் போட என்னிடம் கொண்டு வந்தான். நான் பார்த்தேன். முகம், பல், கண்ணின் வெள்ளை, பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவர் எல்லாம் நீலம். சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி.

"நுச்சே, நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

"பேப்பர் பழுத்துப் போச்சு. மஞ்சளா வருது. அதை அமுக்கத்தான் போட்டேன். காத்மாண்டுக் கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான்."

படத்தின் ஓரத்தில் வண்ணம் படாமல் விட்டிருந்த தாளைப் பார்த்தேன். "வெள்ளையாத்தானே இருக்கு?"

கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ மரத்தைப் பாரு தேஜா. நிறத்தை என்கிட்ட விடு. ஆணி அடிக்கிறவனுக்கெல்லாம் எதுக்குக் கலர்ப் பேச்சு?"

நாலு பேரும் சிரித்தார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் பேச்சு, விட்டுவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடவில்லை. இனி இவன் போடும் நிறத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தால் என் பெயர் தேஜா இல்லை என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகக் காப்பாற்றிய சபதம் அது ஒன்றுதான் என்று ஹேரா இப்போது சொல்லிக் காட்டுகிறாள்.

அதற்குப் பிறகு வந்த படங்கள் எல்லாம் நீலம்தான். குளம் நீலம், கல் குழாய் நீலம், சாத்திய கதவும் நீலம். பாட்டன் நகரத்தில் ஒரு கேலரிக்காரர் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினார். மனைவியை இழந்த மனிதரின் துக்க நிறம் என்று எழுதியிருப்பதாக ஒருவர் எனக்குப் படித்துச் சொன்னார். நுச்சேக்கு ஆங்கிலம் வராது. அவன் முகத்துக்கு முன்னால் எல்லோரும் "உங்க கலரே தனி" என்றார்கள். நீலம் என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. ஊரில் வயதானவர்களும் நுச்சேயிடமே முகம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் நானும், "துக்கங்க, வேற என்ன" என்று தலையை ஆட்டினேன். சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டேன்.

பூகம்பத்தில் அவன் வீடு விழுந்தது. நெகட்டிவ்கள், அவனிடமிருந்த சோபாவின் படம் எல்லாம் மண்ணுக்குள் போயின. அவன் மட்டும் அப்போது வயல் பக்கம் கேமராவோடு நின்றிருந்தான். அதிலிருந்து என் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறான். ஒற்றை அடுப்பு, ஒற்றைத் தட்டு. ஹேரா அவலும் வறுத்த எருமைக்கறியும் அனுப்பினால் தட்டைக் கழுவி மறுநாள் காலையில் வாசலில் வைத்துவிட்டுப் போவான். உள்ளே வா என்றால், "வேலை இருக்கு" என்பான். எங்களுக்கும் அவனைப் பிடித்து இழுக்கத் தெரியவில்லை.

போன வருஷம் படியில் கால் தவறி விழுந்த பிறகுதான் அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, ரொம்ப நாள் பழசு என்றார் டாக்டர். முதலில் வலது கண், மூன்று மாதம் கழித்து இடது.

வலது கண் கட்டு அவிழ்த்த அன்று அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸிலேயே என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இது இவ்வளவு வெள்ளையாடா?" கடைத்தெருவில் மண்சட்டித் தயிர் ஒன்று வாங்கி, சாப்பிடாமல் மூடியைத் திறந்து திறந்து பார்த்தான். வெட்கம் பார்க்காமல் சிரித்தான். சோபா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அவனை எங்காவது வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

ஒன்பதாம் நாள் பசுத் திருவிழா.

என் கடை வாசலில் முக்காலி போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மேளம், குச்சியாட்டம், பெண் வேஷம் போட்டவர்களின் கூத்து. மூங்கில் உருவங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நல்ல வெயில். முதல் இரண்டில் கம்ப்யூட்டர்ப் படம். மூன்றாவது எங்கள் தெருத் தயிர்க்காரக் கிழவருடையது. அவர் நெஞ்சில் அவர் முகம் நீலமாக வந்தது. அடுத்து ஒரு கிழவி, நீலம். அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வாத்தியார், நீலம்.

நுச்சே முன்னால் சாய்ந்து பார்த்தான்.

"யாருடா இது? யாரு போட்ட கலர்? தண்ணியில ஊறின பொணம் மாதிரி ஆக்கி வெச்சிருக்கானே, இவனுக்குக் கையா காலா?"

அவன் என் தொடையைத் தட்டினான். "கேக்கறேன்ல?"

"நீதான் நுச்சே."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு வாத்தியாரின் படத்தைத் திரும்பப் பார்த்தான். அந்தச் சட்டம் என்னுடையது, ஓரத்தில் நான் செதுக்கும் தாமரை மொட்டு இருந்தது. அவன் உள்ளங்கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தான். மாற்றி மாற்றி நாலு தடவை. வாத்தியாரின் பேரன்கள் இவனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே மூங்கிலைத் தூக்கிப் போனார்கள். அந்த வருஷ ஊர்வலத்தில் மொத்தம் ஏழு முகம் அவனுடையது. ஏழையும் அப்படியே பார்த்தான். பிறகு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

மூன்று நாள் கதவு திறக்கவில்லை. ஹேரா வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. நாலாம் நாள் காலையில் கடைக்கு வந்து மரக்கட்டை மேல் உட்கார்ந்தான்.

"அவ சொல்லிக்கிட்டே இருந்தா தேஜா. நீலம் ஜாஸ்தின்னு. அவளுக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சேன். அப்பவே கண்ணுல புரை விழுந்து வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. அவ இருந்தவரைக்கும் துடைச்சேன். அவளுக்குப் போட்ட படத்துலதான் துடைக்கச் சொல்ல ஆள் இல்ல."

"விடு. ஊரே அதைத்தான் கொண்டாடுது."

"ஊர் கெடக்கு. மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். சோபாவை அப்படி விட முடியாது. அந்தப் படத்தை வாங்கி, கழுவி, அவ நிறத்தைப் போடணும். அது ஒண்ணு போதும் எனக்கு."

இரண்டு பேரும் ஆஷா காஜி வீட்டுக்குப் போனோம். அக்காவின் படம் நடுக்கூடத்தில், சாமந்தி மாலையோடு. ஆஷா காஜி விஷயத்தைக் கேட்டதும் எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

"முடியாது அத்தான். வருஷா வருஷம் கிஜா பூஜையன்னைக்கு எல்லாருக்கும் அவங்கவங்க அக்கா தங்கச்சி உக்கார வெச்சுப் பொட்டு வெப்பாங்க. எனக்கு யார் இருக்கா? இந்தப் படத்துக்கு முன்னாலதான் உக்காறேன். இந்த முகத்தைப் பாத்துத்தான் நானே என் நெத்தியில வெச்சுக்கறேன். இதுல கை வெக்கறேன்னு வரீங்களே."

"இது அவ முகம் இல்லடா. என் கண்ணோட கோளாறு."

"எனக்கு இதுதான் அக்கா."

கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு நுச்சே அப்படியே உட்கார்ந்திருந்தான். டீ ஆடை கட்டி ஆறிப்போயிற்று. அவன் கன்னத்தில் கண்ணீர் வழிவதைத் துடைக்கக்கூட இல்லை. கடைசியில் ஆஷா காஜியே படத்தை ஆணியிலிருந்து எடுத்து, மாலையைக் கழற்றி, துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தான், நுச்சேயின் கையில் இல்லை.

"கிஜா பூஜைக்கு முன்னாடி சுவத்துக்கு வந்துடணும். ஒண்ணும் செய்யாமக் கொண்டாந்தாலும் சரி. கெடுத்து மட்டும் கொண்டாராதீங்க."

மறுநாள் அவன் அறையில் நானே என் ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைப் பிரித்தேன். அவன் பஞ்சை டர்பன்டைனில் தொட்டு, மூலையில் சுவர் இருந்த இடத்தில் ஒரு விரல் அகலம் துடைத்துப் பார்த்தான். பதினோரு வருஷத்தில் எண்ணெய் இறுகியிருந்தது. பஞ்சில் லேசாகத்தான் ஒட்டியது. அழுத்தித் தேய்த்தால் படத்தின் தோலே உரிந்துவிடும்.

"பரவாயில்ல. மேல சூடான நிறமா ஒரு பூச்சு கொடுத்தா நீலம் அடங்கிடும்" என்றான். கண்ணாடித் துண்டில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, ஒரு பொட்டு பழுப்பு எடுத்துக் குழைத்தான். பஞ்சு சுற்றிய குச்சியைத் தொட்டு, படத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினான். நிறுத்தியவன் இறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேறு குழைத்தான். இன்னும் கொஞ்சம் சிவப்பு. அதையும் துடைத்தான். அப்படி ஏழெட்டுத் தடவை.

"தேஜா, அவ என்ன நிறம்?"

"என்ன கேள்வி இது?"

"எனக்குப் பிடிபடல. எதைக் குழைச்சாலும் யாரோ மாதிரி இருக்கு. நீ இருபது வருஷம் எதுத்தாப்புல பாத்திருக்கே. சொல்லு, மாநிறமா? கன்னத்துல சிவப்பு இருக்குமா? கழுத்து முகத்தைவிடக் கறுப்பா?"

நான் யோசித்துப் பார்த்தேன். சோபாவின் குரல் காதில் அப்படியே இருந்தது. பட்டாணி உரிக்கும் கை ஞாபகம் வந்தது. நிறம் வரவில்லை. மற்றவர்கள் வீட்டுப் பெண்ணின் நிறத்தை யார் மனசில் வாங்கி வைக்கிறார்கள்? எங்கள் சமையலறையில் இருந்த ஹேராவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோதுமை நிறம் என்றாள். ஒரு நிமிஷம் நின்று, "இல்ல, என்னைவிட ஒரு மாத்துக் கம்மிதான்" என்றாள். அவள் நிறத்தைப் பார்த்தோம். அதுவும் உதவவில்லை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஏன் அப்போது என்று கேட்டால் தெரியாது. மனசு தாங்கவில்லை.

"நுச்சே, எனக்கு முதல்லேர்ந்தே தெரியும்."

"எது?"

"நீலம். நீ இதைக் கொண்டாந்த அன்னைக்கே தெரியும். அப்புறம் வந்த ஒவ்வொண்ணுலயும் தெரிஞ்சுது. உன் பேப்பர்ல ஒரு குறையும் இல்ல, வெள்ளையாத்தான் இருந்துச்சு. சொல்லியிருக்கணும்."

அவன் குச்சியைக் கீழே வைத்தான். "ஏன் சொல்லல?"

"ஆணி அடிக்கிறவன்னு சொன்னே. நாலு பேருக்கு முன்னாடி."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

கோபித்துக் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மெதுவாகத்தான் கேட்டான். "பதினோரு வருஷம் இந்தச் சந்துல எனக்குன்னு ஒரு மனுஷன்கூட இல்லையா தேஜா?"

ஹேரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தூசி விழுந்தவன் மாதிரி, கையைத் தூக்கி வலது கண்ணை மூடினான். அறுத்துச் சரி செய்த கண்ணை. புரை இருந்த இடது கண்ணால் படத்தைப் பார்த்தான். அவன் தோள் இறங்கியது.

"இதோ இருக்கா."

நான் எட்டிப் பார்த்தேன். படம் அப்படியேதான் இருந்தது.

"இப்படித்தான் இருந்தா. இந்தக் கன்னம், இந்தப் பல்லு. தேஜா, இவதான். இப்பத் திட்டப் போறா பாரு." அழுதுகொண்டே சிரித்தான். கையை எடுத்தான், நல்ல கண்ணால் பார்த்தான், உடனே திரும்ப மூடிக்கொண்டான். "சட்டத்தைப் போட்டுடு. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கிஜா பூஜைக்கு நாலு நாள் முன்னாலேயே படம் சுவருக்குப் போய்விட்டது. ஆஷா காஜி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூலையில் துடைத்த விரலகலத்தைத் தவிர வேறு மாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாலை போட்டான்.

இடது கண் ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் நான் சட்டை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அவன் வரமாட்டேன் என்றான். கெஞ்சினேன், திட்டினேன். ஹேரா அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் டாக்டரிடம் கூட்டிப் போய், நேராக அவரிடமே சொல்லச் சொன்னேன். புரை முற்றிக்கொண்டே போகும், இரண்டு மூன்று வருஷத்தில் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சும், அதற்கப்புறம் அறுப்பதும் கஷ்டம் என்றார் அவர்.

"ரெண்டு வருஷம் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டான் நுச்சே.

"தெரியலாம். மங்கிக்கிட்டே வரும்."

"சரிங்க."

இப்போது வலது கண்ணால் வேலை செய்கிறான். புதுப் படங்களில் தாள் தாளாக இருக்கிறது, செங்கல் செங்கலாக இருக்கிறது. பாட்டன் கேலரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பழைய கலர் போயிடுச்சே" என்று குறைப்பட்டுக்கொண்டு நாலில் ஒன்றை மட்டும் எடுத்துப் போனார். ஒவ்வொரு படத்தையும் முடித்ததும் நுச்சே எனக்குக் காட்டுகிறான், நானும் மனசில் பட்டதைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறான். ஆனால் முன்பு மாதிரி என்னைத் திட்டுவதில்லை. மரியாதையாகப் பேசுகிறான். அது எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை சனிக்கிழமை ஆஷா காஜி வீட்டுக்குப் போகிறான். போன வாரம் நானும் கூடப் போனேன். கூடத்தில் பாய் போட்டார்கள். ஆஷா காஜியின் மகள் ஜெனிஷா டீ கொண்டு வந்து வைத்தாள். அத்தை இறந்தபோது அவள் பிறக்கவே இல்லை. நுச்சே படத்துக்கு எதிரே உட்கார்ந்து வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"தெரியறாங்களா மாமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியறாம்மா. போன வாரத்தைவிடக் கொஞ்சம் மங்கலா."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்கு நீலம்தான் தெரிந்தது.